ஓரகத்தியின் கால் கட்டைவிரல்

அக்கா,

நேற்றுக் கழற்றிய மெட்டி இன்னும் காலில் ஏறவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். ஸ்கேன் சென்டரில் கொடுத்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே மூக்குத்தியோடும் தோட்டோடும் கிடக்கிறது. மெட்டி இருந்த இடத்தில் விரலைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம். கட்டிலில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருந்தபோது உன் கால் ஞாபகத்துக்கு வந்தது. உன் முகம் வரவில்லை, குரல் வரவில்லை, கால்தான் வந்தது. செத்துப்போன மனுஷியின் காலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று எனக்கு இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். உனக்கு எடுத்தார்களே, அதேதான். கொஞ்ச நாளாகக் கடை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்குள் யாரோ கைவைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். எனக்கு நம் ஊரிலேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் வந்துவிடுகிற தூரத்திலேயே. போனேன், படுத்தேன், எழுந்தேன். வெளியே வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் வாங்கி வைத்த காபி இன்னும் சூடாக இருந்தது.

வழக்கமாக உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் வயிறு எரியும். இந்தத் தடவை உனக்குக் கிடைக்காத சுகமெல்லாம் எனக்குக் கிடைத்தது. அப்படியும் நேற்று மத்தியானத்திலிருந்து உன் மேல் வயிற்றெரிச்சலாகவே இருக்கிறது. எதற்கென்று எனக்கே புரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அண்ணனுக்கு வாக்கப்பட்டவள், நான் தம்பிக்கு. நீ ஒட்டன்சத்திரத்துக்காரி, நான் எரியோட்டுக்காரி. நான் இந்த வீட்டுக்குள் வந்தபோது எல்லா நல்ல பேரையும் நீ ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தாய். எனக்கென்று மிச்சம் வைத்தது கெட்ட பேர் ஒன்றுதான், அதை நானும் குறைவில்லாமல் வாங்கினேன். உன் வாயில் எதற்கெடுத்தாலும் ‘சரிங்க’. மாமியார் வெயிலில் நில் என்றாலும் சரிங்க, நிழலுக்கு வா என்றாலும் சரிங்க. பால்காரனுக்கு, கேபிள்காரனுக்கு, கரண்ட் கணக்கெடுக்க வருகிற பையனுக்கு, எல்லாருக்கும் ஒரு சரிங்க. மாமியார் சொல்லுவார்களே, “ஒட்டன்சத்திரத்துக்காரி முள்ளக் குடுத்தாலும் சரிங்கன்னு வாங்கித் தலையில வச்சுக்குவா, எரியோட்டுக்காரிகிட்டப் பூவக் குடுத்தாலும் முள்ளு எங்கனக்குள்ள இருக்குன்னு தேடுவா” என்று. சொந்தக்காரர்கள் வந்தால் தவறாமல் சொல்லுவார்கள். நீ உள்ளே காபி கலந்தபடி சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் மன்னித்ததே இல்லை.

ஊரே உன்னை ‘நீங்க’ என்றது. நான் மட்டும் வந்த நாளிலிருந்து ‘நீ’ என்றேன். மூத்தவளுக்கு மரியாதை கொடு என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். இவளுக்குக் கிடைக்கிற மரியாதையில் நான் ஒருத்தி கொடுக்காததால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். நீ என்னை அம்மிணி என்றே கூப்பிட்டாய். கோபம் வந்தபோதும் அம்மிணிதான்.

நம் வீட்டுப் பேன்சி ஸ்டோரில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வளையல் போட்டுவிட்டோம். ஒரே கண்ணாடி வளையல், ஒரே பவுடர். என் முன்னால் ஸ்டூல் காலியாக இருக்கும், பெண்கள் உன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். “இங்கிட்டு வாம்மா, சும்மாதான இருக்கேன்” என்று நான் கூப்பிடுவேன். “இருக்கட்டும்க்கா, அவங்க போட்டா வலிக்காது” என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். நீ அவர்கள் கையைப் பிசைந்துகொண்டே ஊர்க்கதை கேட்பாய், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் இருக்கும். நான் போட்டால் வளையல் உடையும், இல்லையென்றால் அந்தப் பெண் கத்தும். வளைகாப்பு வீடுகளிலிருந்து உன்னைக் கூட்டிப்போக ஆட்டோ வரும். என்னைக் கூப்பிட ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்ட நீ ஒருநாள் கடையில் மயங்கி விழுந்தாய். இதயத்துக்குப் போகிற குழாய்களில் அடைப்பு என்றார்கள். மதுரையில் பெரிய டாக்டர் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு பக்கம் அசையவே இல்லை என்றார். அந்தப் பக்கத்துத் தசை செத்துவிட்டதா, இல்லை ரத்தம் கிடைக்காமல் சோர்ந்து தூங்குகிறதா என்று தெரியவேண்டும். தூங்குகிறதென்றால் ஆபரேஷன் செய்து எழுப்பிவிடலாம். செத்துவிட்டதென்றால் நெஞ்சைத் திறந்து பிரயோஜனமில்லை. அதைச் சொல்ல எம்.ஆர்.ஐ. வேண்டும். நன்றாகப் படம் வந்தால் மேற்கொண்டு பேசுவோம் என்றார் அவர். உன் வீட்டுக்காரர் அன்றைக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு எல்லாரும் போயிருந்தோம். உன் மகளும் வந்திருந்தாள். உன்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். டொக் டொக் என்று சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். எங்களுக்குப் பின்னால் வந்த முழங்கால்காரர் ஒருவர் பக்கத்து அறை மெஷினில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். நீ வரவில்லை.

கடைசியில் அந்த டெக்னீசியன் தம்பி வெளியே வந்தான். நல்ல பையன், பாவம், சட்டையெல்லாம் வியர்த்திருந்தது. மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தினால்தான் இதயத்தின் படம் விழும், அம்மா ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, எடுத்ததெல்லாம் கலங்கிக் கிடக்கிறது என்றான். மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம்தான், ஆனால் இவர்கள் இதயம் இருக்கிற நிலைமையில் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றான். இன்னும் கொஞ்ச நேரம் முயற்சி செய்வான், முடியாவிட்டால் அனுப்பிவிடுவான். படமில்லை என்றால் ஆபரேஷன் இல்லை.

உன்னால் ஒரு காரியம் முடியவில்லை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறைப்பானேன், ஒரு மிடறு டீ தொண்டையில் இறங்குகிற நேரத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் ஆபரேஷன் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உறைத்தது.

கூட ஒருவர் உள்ளே வந்து நிற்கலாம், தெரிந்த முகம் இருந்தால் பயம் குறையும் என்றான். உன் வீட்டுக்காரர் எழுந்தார். உன் மகள் கைக்கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்த அந்தத் தம்பி, “அம்மிணி யாருங்க?” என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

சேலையில் குத்தியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அந்தக் குளிர் இன்னும் முதுகில் இருக்கிறது. நீ குழாய்க்குள் இருந்தாய். நெஞ்சின் மேல் ஒரு தட்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். வெளியே தெரிந்தது உன் பாதம் இரண்டும்தான். ஸ்பீக்கரில் அந்தத் தம்பியின் குரல் வந்தது: மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க.

குழாய்க்குள்ளிருந்து, “சரிங்க தம்பி” என்றாய்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நேரமும் இதுதான் நடந்திருக்கிறது. அவன் நிறுத்தச் சொல்லச் சொல்ல, நீ மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, பதில் சொன்னதில் போன மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறாய். அடுத்த நொடி மெஷின் போடுகிற சத்தத்தில் அது வெளியே அவனுக்குக் கேட்கவே இல்லை. ஒருவர் ஒன்று சொல்லி நீ பதில் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். உன் வீட்டுக்காரரோ மகளோ வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்களோ என்னவோ. அவர்களுக்கு உன் சரிங்க காற்று மாதிரி பழகிப்போயிற்று. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் குத்தும், அதனால் காதில் விழுந்தது.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்புறம் இருந்தவனைக் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். குழாய்க்குப் பக்கத்திலிருந்த மைக்கில் அவனிடம், “தம்பி, நீங்க பேசவே பேசாதீங்க. யாரு என்ன சொன்னாலும் இவங்க பதில் சொல்லாம இருக்க மாட்டாங்க. கண்ணாடி வழியா எனக்குக் கைய மட்டும் காட்டுங்க” என்றேன். அப்புறம் குனிந்து குழாய்க்குள் உன்னிடம் சொன்னேன்: “ஒங் கட்டவெரலப் புடிச்சிருக்கேன். அழுத்துனா மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்து. கைய எடுத்தா இழுத்துக்க. வாயத் தெறக்கப்படாது.”

“சரிங்…” என்று தொடங்கி, நீயே நிறுத்திக்கொண்டாய். உனக்கு நான் போட்ட ஒரே உத்தரவு அதுதான், நீ வாய் திறக்காமல் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

அவன் கையைத் தூக்குவான், நான் அழுத்துவேன். இறக்குவான், விடுவேன். உன் விரல் முதலில் ஐஸ்கட்டியாக இருந்தது, போகப்போகச் சூடு வந்தது. எனக்குத் தெரியாமலே நானும் உன்னோடு சேர்ந்து மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன். அதிலும் நீதான் ஜெயித்தாய். இதயத்தில் அடைப்பை வைத்துக்கொண்டு நீ அசையாமல் கிடக்கிறாய், ஒரு நோயும் இல்லாத நான் பாதியிலேயே புஸ்ஸென்று விட்டுவிடுகிறேன். அவ்வளவு பயத்திலும் எனக்கு எரிச்சல் வந்தது அக்கா. இதையாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?

படம் விழுந்தது. தசை சாகவில்லை, தூங்கத்தான் செய்கிறது என்று சொன்னார்கள். ஆபரேஷன் நடந்தது. நீ பிழைத்து வந்து, தாடிக்கொம்புப் பெருமாளுக்குச் சொல்லியிருந்த வேண்டுதலை முடித்து, மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாய். பெண்கள் மறுபடியும் உன் முன்னால் வரிசை கட்டினார்கள். வீட்டில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. “எரியோட்டுக்காரி கடைசியில ஓரகத்தி காலப் புடிச்சுட்டாள்ல” என்று என் வீட்டுக்காரரே சொல்லிச் சிரித்தார். நான் இரண்டு நாள் அவருக்கு வெஞ்சனம் வைக்காமல் வெறும் குழம்பை ஊற்றினேன். நீயோ கடைக்கு வருகிற எல்லாரிடமும், “எங்க அம்மிணி மட்டும் வரலைன்னா நான் இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கேட்டவர்கள், என்னைப் பற்றியும் நல்லதாகச் சொல்கிறாயே என்று உன்னைத்தான் மெச்சினார்கள்.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் உன்னிடம் கேட்டேன், கட்டின புருஷன் இருக்க, பெற்ற பிள்ளை இருக்க, எதற்கு என்னைக் கூப்பிட்டாய் என்று. நீ வளையல்களை நிறம் பார்த்துக் கோத்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை.

“அவங்க வந்தா, அவங்களுக்காகப் பயமில்லாத மாதிரி இருக்கோணும் அம்மிணி. நீ வந்தா நான் பயந்துக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னாய். நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. உன் நல்ல பெயர் என்னிடம் செல்லாது, என்னிடம் நடித்துப் பிரயோஜனமில்லை என்று சொல்கிறாயாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம்வரை உன்னோடு பேசவில்லை. நீயும் காரணம் கேட்கவில்லை, நான் பேசாமலிருப்பது உனக்குப் பழக்கம்தானே.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாக இருந்தாய். போன சித்திரையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கை நிறைய வளையல் போட்டு அனுப்பிவிட்டு, செத்த நேரம் சாய்கிறேன் என்று கண்ணாடிப் பெட்டியின் மேல் தலையை வைத்தாய். அவ்வளவுதான். வலி இல்லை, படுக்கை இல்லை, யாருக்கும் பாரம் இல்லை. கடைவீதியே வந்து நின்று அழுதது. கொடுத்து வைத்தவள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அழுதேன், ஆனால் அழுதுகொண்டே, சாவைக்கூட இவள் பொறுக்கி எடுத்துக்கொண்டாளே என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போதும் என் முன்னால் வரிசை இல்லை. வருகிற பெண்கள் உன் ஸ்டூலைப் பார்த்துவிட்டு, தாங்களாகவே வளையலைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்கள்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். எனக்கு ஸ்கேன் எடுத்தது ஒரு சின்னப் பெண். நான் விவரம் தெரிந்தவள் மாதிரி, மூச்சை விட்டுத்தானே நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். முந்தைய நாளெல்லாம் வீட்டில் பழகியிருந்தேன். அவள் சிரித்தாள்.

“நிறுத்தவே வேணாம்மா. எப்பவும் போல மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருங்க, போதும்.”

முன்பெல்லாம் நெஞ்சு அசைந்தால் படம் கலங்கிவிடும், இப்போது அசைய அசையவே மளமளவென்று எடுத்து, எது எந்த மூச்சில் எடுத்தது என்று கம்ப்யூட்டரே பிரித்துச் சேர்த்துக்கொள்கிறது என்று விளக்கினாள். மூச்சு முட்டுகிறவர்கள், காது கேட்காதவர்கள், சொன்னது புரியாமல் தவிக்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் அம்மா, இப்போது யாரையும் அனுப்புவதில்லை என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல காரியம்தான். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும். நீ அந்த மெஷினில் படுத்திருந்தால் மூச்சுக்கு மூச்சு சரிங்க சொல்லியிருந்தாலும் படம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கும்.

கூட ஒரு ஆள் உள்ளே வரலாமா என்று மெதுவாகக் கேட்டேன். எதுக்கும்மா, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றாள். வெளியே என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார், பக்கத்தில் மகன் நின்றான். இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்தது. நான் சிரித்தேன். “இது என்ன பெரிய விஷயம், உக்காருங்க, போயிட்டு வாரேன்” என்றேன்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேனா என்று காதையும் மூக்கையும் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். அந்தப் பெண் பயமா இருக்காம்மா என்றாள். அதெல்லாம் இல்லை என்றேன். குழாய்க்குள் போனபின் கால் இரண்டும் குளிரில் வெளியே கிடந்தன. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. மூச்சுக்கூட என் இஷ்டம்தான். படம் தெளிவாக விழுவதற்கான மருந்து கையில் ஏறியபோது நெஞ்சு அடித்துக்கொண்டதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. முடிந்து வெளியே வந்து, சூடான காபியைக் குடித்து, ஆட்டோவில் ஏறி, மகனிடம் உங்கள் பெரியம்மா காலத்து மெஷின் மாதிரி இல்லையடா, இப்போது ரொம்ப சுலபம் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன்.

ரிசல்ட் நாளைக்கு. என் தசை தூங்குகிறதா செத்ததா என்று நாளைக்குச் சொல்லுவார்கள். பயமாக இருக்கிறது அக்கா. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது, அவர் உடைந்துவிடுவார். மகனிடம் சொல்ல முடியாது. எல்லாரிடமும் முறைத்துக்கொண்டு வாழ்ந்தவள் திடீரென்று பயப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால்தான் செத்தவளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புரிகிறது எதற்கு வயிறு எரிகிறதென்று. உன் கைராசியைப் பொறுத்துக்கொண்டேன். உன் நல்ல பெயரை, உனக்கு வந்த ஆட்டோக்களை, உன் சாவைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதை மட்டும் முடியவில்லை. உனக்கு நான் இருந்தேன்.